செல்போனில் வரும் பேய்க்கு முத்திரை குத்துவது யார்?

1951-ம் ஆண்டில் "மர்மயோகி" என்ற படம் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகன். அஞ்சலிதேவி ஊர்வசி. கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் கம்பெனியார் எடுத்த படம். அதில் ஒரு பேய் வரும். செத்துப்போன ராஜாவின் ஆவி வந்து, கெட்டவர்களைக் கிடுகிடு என்று நடுங்க வைக்கும்.

தணிக்கைக் குழுவினர் படத்தைப் பார்த்தார்கள். பேய் வருவதால் குழந்தைகள் பயப்படுவார்கள் என்று கருதினார்கள். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று சொல்லும் "ஏ" முத்திரையைக் குத்திவிட்டார்கள். தமிழ்ப் படங்களில் முதன் முதலில் "ஏ" முத்திரை வாங்கிய படம் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. கதைப்படி அது பேயே அல்ல! ராஜா சாகவில்லை. உயிரோடு இருந்துகொண்டு, பேய் போல நடித்துக் கெட்டவர்களைக் கலங்க வைக்கிறார். ஆக, பொய்ப் பேய்க்கே அன்று முத்திரை கிடைத்தது.

அந்த ஓர் எழுத்துக்கு நாட்டில் பெரிய மரியாதை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது என்ன என்று தெரியும். போஸ்டரில் "ஏ" இருந்தால் பிள்ளைகளை அழைத்துப் போகக்கூடாது. போனாலும் டிக்கெட் கிழிப்பவர் வாசலில் நிறுத்திவிடலாம். அரும்பு மீசையை மையால் கறுப்பாக்கிக்கொண்டு உள்ளே நுழைந்த பையன்களும் உண்டு. அது வேறு கதை! வாசல் என்று ஒன்று இருந்தது. வாசலில் ஓர் ஆள் நின்றார்.

இன்று திருப்பூரில் ஒரு லைன் வீட்டில், இரவு 8 மணிக்கு, தனியாக உட்கார்ந்து செல்போன் பார்க்கிற பிள்ளைக்கு வாசல் எங்கே இருக்கிறது? அதில் நிற்பது யார்?

கதையா? விளையாட்டா?

ஜப்பான் நாட்டில் "விஷுவல் நாவல்" என்று ஒரு வகை இருக்கிறது. அது பாதி கதைப் புத்தகம், பாதி கம்ப்யூட்டர் விளையாட்டு. திரையில் ஓர் இடத்தின் படம் தெரியும். அதன்மேல் கதாபாத்திரம் நிற்கும். கீழே ஒரு கட்டத்தில் எழுத்து ஓடும். தொட்டால் அடுத்த வரி வரும். பின்னால் சங்கீதம் ஒலிக்கும். சிலவற்றில் பாத்திரங்கள் வாய்விட்டும் பேசும்.

நடுநடுவே ஒரு கேள்வி வரும். கதவைத் திறக்கலாமா, வேண்டாமா? அவளை நம்பலாமா, கூடாதா? படிப்பவரே பதில் சொல்லவேண்டும். சொல்லும் பதிலுக்குத் தகுந்தபடி கதை திரும்பும். ஒரே கதைக்கு மூன்று முடிவு, நாலு முடிவு கூட இருக்கும். படித்து முடிக்கச் சிலவற்றுக்குப் பல நாள் ஆகும்.

1992-ல் "ஓடோகிரிசோ" என்ற பேய்க்கதை அங்கே இந்த முறையில் வந்தது. மழை பெய்யும் இரவு. காட்டுக்குள் ஒரு பாழும் பங்களா. அதற்குள் மாட்டிக்கொண்ட ஓர் ஆணும் பெண்ணும். பழைய தமிழ்ப் படம் மாதிரியே இல்லையா? அதன் பிறகு நூற்றுக் கணக்கில் வந்தன. காதல் கதை, துப்பறியும் கதை, சிரிப்புக் கதை எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் கெட்டது என்று தள்ளுவது அறியாமை.

ஆனால் பெரியவர்களுக்கு மட்டும் என்று தயாரிக்கப்படும் பிரிவு ஒன்று உண்டு. அதிலே ஆபாசமும் இருக்கும். சிலவற்றில் கொடூரமும் சேர்ந்திருக்கும். அங்கேதான் விவகாரம்.

ஓர் உதாரணம் போதும். 2003-ல் வெளிவந்தது "சாயா நோ ஊதா". நைட்ரோபிளஸ் என்ற கம்பெனி வெளியிட்டது. எழுதியவர் கென் உரோபுச்சி. ஒரு மருத்துவ மாணவன். கார் விபத்தில் தாய் தந்தையைப் பறிகொடுக்கிறான். மூளையில் ஆபரேஷன் செய்து அவனைப் பிழைக்க வைக்கிறார்கள். கண் விழித்தால் உலகமே மாறிக் கிடக்கிறது! சுவரெல்லாம் சதை. நண்பர்கள் எல்லாம் அழுகிப்போன பிண்டங்கள். அவர்கள் குரல் காதைக் கிழிக்கிறது. ஒரே ஒரு பெண் மட்டும் அவன் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறாள். மற்றவர் கண்ணுக்கு அவள் எப்படித் தெரிவாள்? அதுதான் கதையின் பயங்கரம்.

கதை என்ற அளவில் கெட்டிக்காரத்தனமான கதைதான். மனிதன் தன் கண்ணையே நம்ப முடியாமல் போனால் என்ன ஆவான் என்று கேட்கிற கதை. 30 வயது ஆள் படித்தால் இரண்டு நாள் மனம் சஞ்சலப்படும். பிறகு சரியாகிவிடும். 12 வயதுப் பிள்ளை படித்தால்? அதுவும் தனியாக, இருட்டில்?

சினிமாவில் கொலை நடந்தால் யாரோ செய்கிறான், நாம் பார்க்கிறோம். இந்த வகைக் கதையில் பிள்ளையின் விரலே பதிலைத் தொடுகிறது. விபரீதம் நடந்தபின், "நான் தொட்டதால்தானே நடந்தது?" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இந்த வித்தியாசம் சிறியது அல்ல.

பதினெட்டு இரவு கேட்ட கதை

பேய்க்கதை என்றாலே தீது என்று சிலர் சொல்வார்கள். அது சரி அல்ல. கொங்கு நாட்டுக்காரர் அப்படிச் சொல்லவே முடியாது.

பொன்னர் - சங்கர் கதையை அறியாதவர் இந்தப் பக்கம் யார்? அண்ணன்மார் கதை என்று உடுக்கை அடித்து இரவெல்லாம் பாடுகிறார்களே, அதில் ரத்தம் இல்லையா? பன்றி வேட்டை, சூழ்ச்சி, சாபம், போர், படுகளம், சாவு, எல்லாம் உண்டு. 1965-ல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் பிரெண்டா பெக் அம்மையார், காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தார். உடுக்கைப் பாட்டுக்காரர்கள் இந்தக் கதையைப் பாட, 18 இரவு உட்கார்ந்து டேப்பில் பதிவு செய்தார். 18 இரவு!

அந்தக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பது வழக்கம். பயம் வந்தால் பாட்டி மடியில் முகம் புதைக்கும். தூக்கம் வந்தால் அங்கேயே தூங்கும். பாடுகிறவர் முகத்தைப் பார்த்து, இடையிலே பேசும் சிரிப்புப் பேச்சைக் கேட்டு, பயம் தெளியும். படுகளம் நடக்கும் கோயில்களில் வீரர்கள் மயங்கி விழுவார்கள், மாண்டவராகவே கிடப்பார்கள். பிறகு தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்புவார்கள். அதைப் பார்த்த பிறகே ஜனங்கள் வீடு திரும்புவார்கள். செத்தவரை எழுப்பாமல் கதையை முடிக்கமாட்டார்கள் நம் பெரியவர்கள். எவ்வளவு யோசனை!

ஜப்பானிலும் பழைய நாளில் இதே மாதிரி ஒரு வழக்கம் இருந்தது. இரவில் நண்பர்கள் கூடுவார்கள். நூறு விளக்கு ஏற்றுவார்கள். ஆளுக்கு ஒரு பேய்க்கதை சொல்லவேண்டும். ஒரு கதை முடிந்ததும் ஒரு விளக்கை அணைக்கவேண்டும். கடைசி விளக்கு அணைந்தால் நிஜமாகவே பேய் வரும் என்பது நம்பிக்கை. ஆகையால் 99 கதையோடு நிறுத்திவிடுவோரும் உண்டாம். தைரியசாலிகள்தான்!

நம் ஊர் உடுக்கை ஆனாலும், அவர்கள் ஊர் விளக்கு ஆனாலும், கேட்பவருக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது. செல்போன் பேயிடம் அது இல்லை. அது பிள்ளையைத் தனியே பிடிக்கிறது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் படுத்திருக்கும் தங்கைக்குக் கூடத் தெரியாது.

இரும்புப் பல் பேய்

சட்டம் போட்டுத் தடுத்தால் என்ன? இந்தக் கேள்வி புதிது அல்ல. 1954-ம் ஆண்டிலேயே வந்த கேள்வி.

ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ என்ற பட்டணம். செப்டம்பர் மாதம் ஒரு மாலை. நூற்றுக் கணக்கான பிள்ளைகள் ஒரு சுடுகாட்டுக்குள் புகுந்தார்கள். கையில் கத்தி, கம்பு! ஏழடி உயரமும் இரும்புப் பல்லும் உள்ள ஒரு ரத்தக் காட்டேரி இரண்டு பிள்ளைகளைத் தின்றுவிட்டதாம். அதைப் பிடிக்க வந்தார்களாம். போலீஸ் வந்து பார்த்தது. எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை.

பெரியவர்கள் காரணம் தேடினார்கள். அமெரிக்காவில் இருந்து வந்த பயங்கரப் படக்கதைப் புத்தகங்கள்தான் காரணம் என்றார்கள். கூச்சல் பெரிதாயிற்று. 1955-ல் பிரிட்டன் அந்தப் புத்தகங்களைத் தடுக்கச் சட்டம் போட்டது. மறு வருஷமே, 1956-ல், இந்தியாவும் ஒரு சட்டம் போட்டது. குற்றம், கொடுமை, அருவருப்பான பயங்கரம் ஆகியவற்றைக் காட்டி, 20 வயதுக்குக் குறைந்தவர் மனத்தைக் கெடுக்கும் புத்தகத்தை விற்றால் ஆறு மாதம் வரை ஜெயில் என்றது அந்தச் சட்டம்.

பிற்பாடு ஆராய்ச்சி செய்தவர்கள் என்ன கண்டார்கள்? இரும்புப் பல் பேய் அந்தப் படக்கதைகளில் இல்லவே இல்லை! பைபிளில் இரும்புப் பல் உள்ள மிருகம் ஒன்று வருகிறது. அந்த ஊர்ப் பழம் பாட்டு ஒன்றிலும் இரும்புப் பல் கிழவி வருகிறாள். பிள்ளைகள் அவற்றில் இருந்து கற்பனை செய்திருக்கலாம். பழி விழுந்தது படக்கதை மீது.

ஆகவே, வெளிநாட்டுக் கதை வந்தது, பிள்ளை கெட்டது என்று அவசரப்பட்டுக் குற்றம் சாட்டுவது தவறு. ஒரு பிள்ளை இரவில் அலறினால் அதற்கு நூறு காரணம் இருக்கும். வீட்டில் நடக்கும் சண்டையும் காரணமாக இருக்கும். அப்பாவின் குடியும் காரணமாக இருக்கும். இருக்கும் காரணத்தை எல்லாம் விட்டுவிட்டு, ஜப்பான் மீது பழி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடாது.

ஜப்பான்காரரும் சும்மா இருக்கவில்லை. 1991-ல் கியோட்டோவில் ஒரு பள்ளி மாணவன், கடையில் இருந்து ஆபாசக் கம்ப்யூட்டர் கதை ஒன்றைத் திருடிவிட்டான். பெரும் பரபரப்பு ஏற்பட்டது. தயாரித்த கம்பெனி மீதே போலீஸ் பாய்ந்தது. அடுத்த வருஷம், 1992-ல், கம்பெனிகள் தாங்களே கூடி ஒரு கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்தன. பெட்டியின் மேல் 18 வயது என்ற முத்திரை வந்தது. 2007-ல் ஒரு சிறுமி தன் தந்தையைக் கோடரியால் கொன்ற கொடுமை நடந்தபோது, வயது வந்தவர்களுக்கான கம்ப்யூட்டர் கதையில் இருந்து எடுத்த ஒரு தொடரின் கடைசிப் பகுதியை டெலிவிஷன் நிலையங்கள் நிறுத்திவைத்தன. அதற்குப் பதிலாக ஒரு நிலையம் ஏரி, கப்பல் என்று இயற்கைக் காட்சிகளைக் காட்டியது.

ஆக, முத்திரை இருக்கிறது. ஜப்பானில் பெட்டியின் மேல் இருக்கிறது. பெட்டியை விட்டுக் கதை மட்டும் தனியே கிளம்பிக் கடல் தாண்டும்போது, முத்திரை அங்கேயே நின்றுவிடுகிறது! யாரோ அதை இங்கிலீஷில் மொழிபெயர்க்கிறார். வேறு யாரோ விளையாடிக் காட்டி வீடியோ போடுகிறார். இன்னொருவர் அதில் பயங்கரமான அரை நிமிஷத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார். அந்த அரை நிமிஷம்தான் திருப்பூர்ப் பிள்ளையின் கைக்கு வருகிறது.

இங்கிலீஷில் ஒரு எச்சரிக்கை

இதைவிட மோசமான ஒரு ஏமாற்று இருக்கிறது. 2017-ல் "டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்" என்று ஒன்று வந்தது. ஜப்பான் பாணியில் இருந்தாலும், செய்தவர்கள் அமெரிக்காவில் உள்ளவர்கள். இலவசம்! பார்த்தால் பால் வடியும் முகங்கள். பள்ளிக்கூடத்தில் ஓர் இலக்கியச் சங்கம். நான்கு மாணவிகள். கவிதை எழுதுகிறார்கள், பலகாரம் சாப்பிடுகிறார்கள். எட்டிப் பார்க்கும் தாய், "பரவாயில்லை, பிள்ளை பள்ளிக்கூடக் கதைதான் படிக்கிறது" என்று நினைப்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதை வேறு விதமாகத் திரும்புகிறது. சாவு வருகிறது. படம் கோணுகிறது, எழுத்து சிதறுகிறது. கம்ப்யூட்டரே கெட்டுவிட்டதோ என்று பயம் பிடிக்கிறது. 2018-ல் இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்கள் இது பற்றிப் பெற்றோர்களை எச்சரித்தன.

தயாரித்தவர்கள் மீது குற்றம் சொல்ல முடியாது. இது குழந்தைகளுக்கு ஏற்றது அல்ல என்று முதலிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். 13 வயது ஆயிற்றா, சம்மதமா என்று கேட்கிறார்கள். சம்மதம் என்று ஒரு தட்டு. அவ்வளவுதான், கதவு திறந்துவிடும்!

அந்த எச்சரிக்கை இங்கிலீஷில் இருக்கிறது. பனியன் கம்பெனியில் கைமடிக்கிற அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பிள்ளைக்குத் தெரியும். அதாவது, யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்குப் புரிவதில்லை. யாரைத் தடுக்க எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளை படித்துவிட்டுச் சிரிக்கிறது!

"என்ன கண்ணு, இந்நேரத்துல பாக்கறே?"

"ஒண்ணுமில்லீங்கம்மா, பாடந்தான்."

பல வீடுகளில் பேச்சு இதோடு முடிந்துவிடுகிறது. தாய் மீதும் தப்பில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது பள்ளிக்கூடமே செல்போனுக்குள் வந்தது. கடன் வாங்கியாவது பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார்கள். பாடம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

சினிமாவுக்குத் தணிக்கைக் குழு இருக்கிறது. செல்போனில் வரும் படங்களுக்கும் தொடர்களுக்கும் 7 வயது, 13 வயது, 16 வயது, பெரியவர்கள் என்று பிரித்துக் காட்டவேண்டும் என 2021-ல் மத்திய அரசு விதி செய்தது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுக்க 2025-ல் சட்டம் வந்தது. கதை விளையாட்டுக்கு, சினிமாவுக்கு உள்ளதுபோல் பார்த்து முத்திரை குத்தும் குழு இந்தியாவில் இல்லை. செயலிக் கடையில் வயது எண் போட்டிருப்பார்கள். அது கடையில் வாங்கினால்தான். வீடியோவாக வந்தால் அதுவும் இல்லை.

வேண்டியது தடை அல்ல. தடை போட்டால் பிள்ளை அதை இன்னும் ஆவலாகத் தேடும். வேண்டியது தமிழில் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை. சிகரெட் பெட்டியில் படம் போட்டு எச்சரிப்பது போல, படிக்காதவருக்கும் புரியும் ஓர் அடையாளம். திருப்பூரில் ஒடியாவும் இந்தியும் பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் மொழியிலும் வேண்டும். இந்தியாவில் கோடிக் கணக்கான பேரிடம் வியாபாரம் செய்யும் கம்பெனிகளுக்கு நாலு வரி மொழிபெயர்ப்பு ஒரு செலவா?

ஒன்றரை ஷிப்ட்

சட்டம் வரும்வரை வீட்டில் என்ன செய்வது? போனைப் பிடுங்கி உடைப்பது, பிள்ளையை அடிப்பது, இரண்டும் உதவாது. அடி வாங்கிய பிள்ளை அடுத்த தடவை இன்னும் மறைத்துப் பார்க்கும். பயந்தபோது சொல்லவும் சொல்லாது. அதுதான் பெரிய ஆபத்து.

"என்ன கதை அது? எனக்குச் சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். வாய்விட்டுச் சொன்னால் பாதிப் பயம் இறங்கிவிடும். தனியாகக் கண்ட பேய், அம்மாவிடம் சொன்னதும் வெறும் கதையாகிவிடும். படுக்கும் அறைக்குள் போன் வேண்டாம். போனிலேயே வயதுப் பூட்டு இருக்கிறது. போன் விற்ற கடைக்காரரைக் கேட்டால் போட்டுத் தருவார். பிள்ளை பல நாள் தூங்காமல், சாப்பிடாமல், சாவைப் பற்றியே பேசினால் தாமதம் கூடாது. 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும். அரசாங்கம் நடத்துவது. குழந்தைகளுக்கு என்றே 1098 இருக்கிறது.

இதெல்லாம் வீட்டில் ஆள் இருந்தால் நடக்கும். திருப்பூரில் மாலையில் ஆள் எங்கே இருக்கிறது? காலை எட்டரைக்குப் போன அப்பாவும் அம்மாவும், ஒன்றரை ஷிப்ட் பார்த்தால், இரவு எட்டரைக்குத்தான் கம்பெனியை விட்டு வெளியே வருவார்கள். ஏற்றுமதிச் சரக்கு அவசரம் என்றால் இன்னும் நேரமாகும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை நாலரை மணி முதல் தனியாக இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்! ஓவர்லாக் மெஷினில் கிடைக்கும் அந்த அரை ஷிப்ட் கூலி இல்லாவிட்டால் வாடகை கொடுக்க முடியாது. அந்தத் தாயிடம் போய், "பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள்" என்று உபதேசம் செய்வது சுலபம். அந்த அரை ஷிப்ட் கூலியை யார் கொடுப்பது?

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. எத்தனை வயது வரை? ஆறு வயது வரை. ஏழு வயதுப் பிள்ளை பெரிய மனிதர் ஆகிவிட்டதா? தொட்டில் வேண்டாத பிள்ளைக்குத்தான் துணை வேண்டும். செல்போனைப் பிடிக்கத் தெரிந்த வயதும் அதுதான்.

ஊரில் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. சங்கங்கள் இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள் இருக்கின்றன. தெருவுக்கு ஒரு மண்டபத்தை மாலை நாலரை முதல் இரவு ஒன்பது வரை திறந்துவைக்கலாம். நல்ல வெளிச்சம், கொஞ்சம் சுண்டல், நாலு பத்திரிகை, பத்துக் கதைப் புத்தகம் போதும். பேய்க்கதை சொல்லத் தெரிந்த பாட்டி ஒருவரைச் சம்பளம் கொடுத்தே வைக்கலாம். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது, அவர் பெயரையும் கம்பெனிச் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும்.